பூச்சி தின்னும் மீன் எங்கே உறங்கும்?

மீன்சுருட்டியில் கடல்மீன் வளர்க்கிறேன் என்றால், கேட்பவர்கள் முதலில் ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே சிதம்பரம் தாண்டிப் பரங்கிப்பேட்டைக்குப் போக வேண்டும். அருகிலிருக்கும் வீராணம் நன்னீர் ஏரி. மேற்கே அரியலூர்ப் பக்கம், கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல்லில் ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்தக் கடல் சற்று அவசரப்பட்டு வந்து போய்விட்டது. என் கடல் இருநூறு லிட்டர். பொட்டலத்து உப்பைக் கரைத்துச் செய்துகொண்டது.

கல்பவளங்கள் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவரலாகாது, எடுக்கவும் வேண்டாம். ஆகவே என் தொட்டியில் இருப்பவை செயற்கைப் பாறைகள், ஒரு கடற்சாமந்தி, வளர்ப்பில் பொரித்த கோமாளி மீன் இணை ஒன்று, இவ்வளவுதான். அடியில் மணல் இல்லை. மணலிருந்தால் கழிவு அதற்குள் இறங்கித் தங்கிவிடும்; வெறும் கண்ணாடித் தரை என்றால் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இப்படிப்பட்ட தொட்டிகளில் பாறையோடோ, வாங்கிவரும் வேறு உயிரோடோ ஒட்டிக்கொண்டு தட்டைப்புழுக்கள் வந்துசேரும். செம்பழுப்பாக, நகத்துணுக்கு அளவில், சில வாரங்களில் பாறை முழுவதும் கம்பளம்போல் விரிந்துவிடும். மருந்து ஊற்றி ஒரேயடியாகக் கொன்றால் அவற்றின் உடலிலிருந்து வெளியேறும் நஞ்சு மற்ற உயிர்களையும் சாய்த்துவிடக்கூடும். எனவே எல்லோரும் தேடுவது புழு தின்னும் மீனை. வணிகத்தில் ராஸ் என்று வழங்கும் பெருங்குடும்பம் அதற்குப் பேர்போனது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. கிளிமீன்களுக்கு நெருங்கிய உறவு.

சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் மீன் வாங்கச் செல்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எது நன்றாகத் தின்னும்? என் எண்ணத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எங்கே உறங்கும்?

மெலனூரஸ் ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் ஆரஞ்சும் கோடுகளாக ஓடும், பார்த்துத் தீராத அழகு. தட்டைப்புழுவைத் தேடித் தின்பதில் இதற்கு நிகரானவை சிலவே. இதே ஹாலிகோரஸ் இனத்தொகுதியில் மஞ்சள் ராஸும் உண்டு. விளக்கு அணையும் நேரம் நெருங்கினால் இவை தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் புதைந்துகொள்ளும். காலையில்தான் எழும். மிரண்டாலும் அதே பாய்ச்சல்தான். கீழே இருப்பது கண்ணாடி என்று அவற்றுக்கு யார் சொல்வது? மூக்கு கிழியும், மறுநாளும் அதே இடத்தில் மோதும். பாறை இடுக்கில் ஒண்டிக்கொள்ளப் பழகிவிட்டவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அது பழக்கமா, வேறு வழியின்மையா என்பதை மீன்தான் சொல்ல வேண்டும். ஒரு டப்பாவில் மூன்று அங்குல ஆழத்துக்கு மென்மணல் நிரப்பித் தொட்டி மூலையில் வைப்பவர்கள் உண்டு. நேர்மையான ஏற்பாடு, ஆனால் டப்பாவை மறவாமல் கழுவ வேண்டும்.

மணல் வேண்டாதவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது ஆறுகோட்டு ராஸ். சுட்டுவிரல் நீளம், ஊதா உடலில் ஆறு ஆரஞ்சுக் கோடுகள். கண்ணின் வெளிப்படலம் இரு பகுதியாக அமைந்திருப்பதால் சின்னஞ்சிறு இரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறது என்று கருதுகிறார்கள். பாறையிடுக்கில் புகுந்து, வாயிலிருந்து சுரக்கும் கோழையால் ஓர் உறை பின்னிக்கொண்டு அதற்குள் உறங்கும். கிளிமீன்களின் இத்தகைய உறையைப் பற்றி 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, இரத்தம் உறிஞ்சும் சிற்றுயிர்களை அது தடுக்கிறது என்று காட்டியது. அதாவது கொசுவலை!

ஆனால் குணம் பொல்லாதது. தொட்டியைத் தன் நாடாக்கிக்கொண்டபின், பின்னால் வரும் சிறுமீன் எதையும் விட்டுவைக்காது. துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும். திரும்பப் பிடிக்க வேண்டுமானால் பாறைகளை எல்லாம் கலைக்க வேண்டும். சாதுவான மீன் வேண்டுமென்றால் பாஸம் ராஸ் இருக்கிறது. அதுவும் பாறைப் பொந்தில் உறங்குவதே. கூச்சத்தால் பாதி நாள் கண்ணில் படாது, கம்பளமாகப் படர்ந்த புழுவுக்கு அது ஈடுகொடுக்கவும் முடியாது. ஃபேரி ராஸ்களுக்கும் மணல் தேவையில்லை. அவை நடுநீரில் மிதப்பதைத் தின்பவை. பாறைப் புழுவைத் திரும்பிப் பார்ப்பது அரிது.

'பூச்சி தின்னும்' என்று சொல்லி விற்கப்படும் இன்னொன்று, நீலமும் கருப்புமாக இருக்கும் துப்புரவு ராஸ். 2019-இல் வெளியான ஆய்வில் கண்ணாடியில் தன் உருவத்தை அறிந்துகொள்வதாகப் பேசப்பட்ட மீன் இதுதான். இது தின்பது பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியை. பத்து மீன்கூட இல்லாத தொட்டியில் அதற்கு என்ன வேலை? பெரும்பாலும் மெலிந்து சாகும். இதை விற்காமலிருப்பதே மேல் என்பேன்.

பசியை மட்டும் பார்த்து மீனைக் கொண்டுவருவது நமக்குப் புதிதன்று. கொசுப்புழுவுக்காக 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த கம்பூசியா, உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்றது. பூச்சி என்பது நாம் வைத்த பெயர். மீனுக்கு அது இரை, பக்கத்திலிருப்பதும் இரை.

நான் தேர்ந்தது ஆறுகோட்டு ராஸை. ராஸ்கள் பெரும்பாலும் கடலிலிருந்தே பிடித்து விற்கப்படுபவை. வாங்கிப் பார்த்துப் பிறகு தீர்மானிப்போம் என்பது அவற்றின் உயிரோடு விளையாடுவது. அதை இறுதியாகத்தான் விட வேண்டும், அதன்பின் இந்தத் தொட்டிக்குப் புது மீன் கிடையாது என்று முன்பே முடிவு செய்துகொண்டேன். கோபிமீன் ஒன்று வளர்க்கும் ஆசை அத்தோடு போயிற்று.

மீனை விடுவதற்கு முன் மூன்று வாரம், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மெல்லிய குழாயால் புழுக்களை உறிஞ்சி வாளியில் விட்டேன். பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டன. மிச்சத்தை மீன் பார்த்துக்கொள்கிறது, அடியோடு ஒழிக்கவில்லை. தொட்டியின் மேல் கண்ணி நெருங்கிய வலைமூடி கட்டாயம்: ராஸ்கள் எல்லாமே துள்ளும், இரண்டு விரல் இடைவெளி அவற்றுக்குப் போதும்.