பொம்மை ரயிலுக்குக் குட்டைப் பைன் மரம்

ராசிபுரம் பக்கம் 40 சென்ட் நிலத்தில் நாற்றுப்பண்ணை நடத்தும் ஒரு தம்பதிக்கு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வினோதமான ஆர்டர் வந்தது. கோவையில் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் நீலகிரி மலை ரயிலைப் போலவே சிறிய ரயில் ஓட விடுகிறார். பாதையின் இரு பக்கமும் மலைக்காடு தெரிய வேண்டும். அதற்கு முழங்கால் உயரத்தைத் தாண்டாத பைன் மரங்கள் 60 வேண்டும் என்றார். தக்காளி, மிளகாய் நாற்றும் தென்னங்கன்றும் விற்றுப் பழகியவர்களுக்கு இப்படி ஒரு தேவை இருப்பதே புதுச் செய்தி.

வெளிநாடுகளில் இந்தத் தோட்ட ரயில் பழைய பொழுதுபோக்கு. ஜெர்மனியில் 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் மழை வெயில் தாங்கும் பெரிய பொம்மை ரயில் வந்தது. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். உண்மையான மீட்டர் கேஜ் ரயிலை 22.5-ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு. நம் ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ்தான். (அது ஓடுவது நீலகிரியில் என்றாலும் நிர்வாகம் சேலம் கோட்டத்தில்.) இந்தக் கணக்குப்படி 10 மீட்டர் மரத்துக்கு 45 சென்டிமீட்டர் செடி போதும்.

குளிர் நாடுகளில் இதற்கென்றே குட்டை ஊசியிலை மரங்கள் இருக்கின்றன. அவற்றில் பேர்போனது ஒரு குட்டை ஸ்புரூஸ். கனடாவின் ஆல்பர்ட்டா மலைப்பகுதியில் 1904-ல் கண்டெடுக்கப்பட்டது. வருடத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர்தான் வளரும். அந்த மெதுவான வளர்ச்சிக்குத்தான் விலை.

தம்பதிக்கு ஸ்புரூஸ் கிடைக்கவில்லை. குன்னூரிலிருந்து கோல்டன் சைப்ரஸ் கன்றுகள் 60 வாங்கி வந்தார்கள். பொன்னிறம், கசக்கினால் எலுமிச்சை வாசம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதில் போனது. கார்த்திகையில் வந்த கன்றுகள் மாசி வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. பங்குனியில் அடியிலிருந்து பழுப்பேறத் தொடங்கின. வீட்டுக்காரர் பதறிப்போய்க் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். சித்திரை முடிவதற்குள் 52 செடிகள் காய்ந்துவிட்டன.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். சேலம், நாமக்கல் சமவெளி 200 முதல் 300 மீட்டர். பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் இந்தச் செடிகளுக்கு எமன். பகலில் தயாரித்த உணவை இரவுச் சூட்டில் சுவாசித்தே தீர்த்துவிடும். கறுப்புப் பையில் வேர் வெந்துபோகும். வெந்த வேருக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டால் அழுகல் நிச்சயம். போதாததற்குக் கோடையில் செஞ்சிலந்தியும் சேர்ந்துகொள்ளும். ஒரு வெள்ளைத் தாளில் கிளையைத் தட்டிப் பார்த்தால் ஊர்ந்து போகும் செம்புள்ளிகள் தெரியும். மேலே பழுப்பு தெரிந்தவுடன் தண்ணீர்க் குழாயைத் திறக்காமல், ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

வழியைக் காட்டியது வீட்டம்மாள்தான். "ஏனுங்க, வாசல்ல நிக்கிற தூஜாவைப் பாருங்க. அதுக்கு ஒரு குடம் தண்ணி நாம ஊத்துனதில்லை" என்றார்.

தூஜாவும் ஊசியிலை மரக் குடும்பம்தான்; பூர்வீகம் சீனா. ஆனால் நம் சமவெளி வெயிலைப் பல காலமாகத் தாங்கி நிற்கிறது. மழை தொடங்கியதும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளப் பக்கக் கிளைகளை, அடியில் சிறிது பட்டையோடு கிழித்தெடுத்து, ஐ.பி.ஏ. வேர் ஊக்கித் தூளில் தொட்டு நட்டார்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. கூடவே டிரைக்கோடெர்மா விரிடி. நிழல்வலைக்குள் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆனது. கவாத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பச்சை நுனியை மட்டும் வெட்டலாம். பழுப்பான உள்கட்டையில் கத்தி பட்டால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது, ஓட்டையாகவே நிற்கும்.

தூரத்துக் காட்டுக்குச் சவுக்கு வைத்தார்கள். பார்வைக்குப் பைன் போல இருந்தாலும் சவுக்கு ஊசியிலை மரமே அல்ல, பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது மெல்லிய கணுக்கிளை. பழைய சவுக்குத் தோப்பு மண்ணை ஒரு கை கலந்தால் வேர்முடிச்சு சீக்கிரம் வரும், தழைச்சத்துக் கவலை குறையும். விதைப்படுக்கையில் எறும்புக்குக் காவல் அவசியம். ஒரே இரவில் விதையைக் கடத்திவிடும்.

செஞ்சிலந்திக்கு இலையின் அடிப்புறம் நனையத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போகும். மீதிக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், அதுவும் வெயில் தணிந்த பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

கடந்த தையில் 45 செடிகள் கோவைக்குப் போயின. ஏற்றும்போதே வீட்டம்மாள் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார்: "சவுக்கு குட்டை ஜாதி இல்லைங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா கத்தரி வைக்கோணும். தொட்டியோட புதைங்க, இல்லைன்னா வேர் தண்டவாளத்தைத் தூக்கிரும்." இதைச் சொல்லாமல் விற்கும் பண்ணைகளும் உண்டு.

குன்னூர்ச் செடியில் போன பணத்தில் முக்கால்வாசி திரும்பியது. இந்த வருமானத்தை நம்பி யாரும் மரவள்ளி நிலத்தை ஒதுக்கிவிட வேண்டாம். தோட்ட ரயில் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏற்கனவே நாற்றுப்பண்ணை இருப்பவர்கள் ஓரத்தில் இரண்டு சென்ட் வைத்துப் பார்க்கலாம். அலங்காரத் தோட்டம் போடுகிறவர்களும் தூஜா கேட்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் பார்க் அமைத்துப் பொம்மை ரயில் விடும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே வயலுக்குக் கேழ்வரகு, கடுகு முளைப்பு. மலைக்கு இந்தக் குட்டைத் தூஜா. வரும் புரட்டாசிக்கென்று இப்போதே 100 பைகளும், கேழ்வரகு முளைக்க வைக்கத் தட்டுகளும் தயாராகின்றன. பிழைத்த எட்டு சைப்ரஸ்களில் ஆறு, ஏற்காட்டில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.