48 மணி நேரம்

கணைய அழற்சியால் என் தம்பி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவில், "பிழைப்பானா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். "48 மணி நேரம் பொறுத்திருங்கள், ஐயா" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றெண்ணிச் சினந்தேன்.

பின்னரே அறிந்தேன்: இரத்தத்தில் லைபேஸ் எவ்வளவு உயர்ந்தாலும், அது நோயின் கடுமையை உரைப்பதில்லை. 1974இல் ரான்சன் என்னும் மருத்துவர் வகுத்த 11 அடையாளங்களில் 5 மட்டுமே சேர்க்கையின்போது தெரியும். மற்ற 6, முதல் 48 மணி நேரத்தில் வெளிப்படும். நுரையீரலோ, சிறுநீரகமோ, இதயமோ செயலிழந்து, அந்நிலை 48 மணி நேரத்திற்கு மேலும் நீடித்தாலே நோய் கடுமையானது என்பர்.

அறியாததை அறிந்ததாக அம்மருத்துவர் உரைக்கவில்லை; ஆனால் இரவெல்லாம் வந்து மூச்சையும் சிறுநீரின் அளவையும் பார்த்தார்.

தம்பி தேறினான். துயருற்றோரிடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று முந்திக்கொண்டு உரைத்துவந்த நான் வெட்கமுற்றேன். இப்போது அருகில் அமர்ந்து, அவர்களோடு காத்திருந்து ஜெபிக்கிறேன்.