கை கால் நன்றாக இருப்பவருக்கும் ஓர் அறை

தெருவில் ஒரு குழந்தை கிடந்தால் நமக்கு மனசு கேட்காது. தள்ளாத கிழவி கை நீட்டினால் சில்லறையாவது விழும். நாற்பது வயது ஆள் பூட்டிய கடை வாசலில் சுருண்டு படுத்திருந்தால் மட்டும், "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். வயதான எங்களைப் போன்றவர்கள்தான் இதைச் சற்று உரக்கவே கேட்போம்.

நாம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1977 முதல் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு இருக்கும் குடும்பம், கர்ப்பிணி, முதுமையாலோ நோயாலோ நலிந்தவர் ஆகியோர் வீடிழந்தால் நகராட்சி தங்க இடம் கொடுத்தே தீர வேண்டும். திடகாத்திரமான தனி ஆளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவருக்கு வாய்ப்பது சில வேளைகளில் தேவாலயக் கூடத்தில் வரிசையாக விரித்த படுக்கைகளில் ஒன்று. விடிந்தால் வெளியே போய்விட வேண்டும்.

கொரோனா வந்ததும் அந்தக் கூடமே ஆபத்தாகிவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய காப்பகத்தில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் தங்கியிருந்த 408 பேரையும் பரிசோதித்தார்கள். 147 பேருக்குத் தொற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. வாசலில் நெற்றியில் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டிருந்தால் அத்தனை பேரும் தாராளமாக நுழைந்திருப்பார்கள். நூறு பேர் ஒரே காற்றை மூச்சிழுத்து, ஒரே கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் கிருமிநாசினிப் புட்டி வைத்து என்ன பயன்? கதவும் தனிக் கழிப்பறையும் உள்ள ஓர் அறைதான் வேண்டியிருந்தது.

பயணிகள் வராததால் அப்படிப்பட்ட அறைகள் ஓட்டல்களில் ஆளில்லாமல் கிடந்தன. 2020 மார்ச் 26 அன்று இங்கிலாந்து அமைச்சர் லூக் ஹால் நகராட்சிகளுக்குக் கடிதம் எழுதினார்: தெருவில் படுப்பவர்களையும் கூட்டுக் காப்பகங்களில் இருப்பவர்களையும் வார இறுதிக்குள் உள்ளே கொண்டுவாருங்கள். முன்னின்று நடத்தியவர் லூயிஸ் கேசி. டோனி பிளேர் பிரதமராக இருந்த காலத்திலும் தெருவாசிகளுக்கான அரசுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். 'எவ்ரிஒன் இன்' (எல்லோரும் உள்ளே) என்ற அந்த ஏற்பாட்டில் திடகாத்திரமானவரா, நோயாளியா என்ற விசாரணை ஒதுக்கி வைக்கப்பட்டது. மருத்துவரும் போதை மீட்புப் பணியாளரும் தேடிப் போனபோது, வழக்கத்துக்கு மாறாக, ஆள் இருந்த இடத்தில் இருந்தார். என் பார்வையில் பாதி வைத்தியம் அதுதான்.

இன்னொன்றும் தெரிய வந்தது. 2019 இலையுதிர் காலத்தில் ஒரே இரவில் எடுத்த கணக்குப்படி தெருவில் படுத்தவர்கள் 4,266 பேர். 2020 நவம்பர் முடிவதற்குள் இந்த ஏற்பாட்டில் இடம் பெற்றவர்களோ 33,000-க்கும் மேல். ஓர் இரவின் கணக்கையும் பல மாதக் கணக்கையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் நண்பர் வீட்டு சோபாவில் ஒண்டியிருந்தவர், வேலையும் வாடகை அறையும் ஒன்றாகப் போனவர், அரசு உதவி கேட்க உரிமையே இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி என்று நடைபாதைக் கணக்கில் வராத பலர் கதவு திறந்ததும் வந்தார்கள். ஓட்டல் அறைகளோடு காப்பகங்களில் எடுத்த மற்ற தடுப்பு நடவடிக்கைகளும் சேர்ந்து, முதல் அலையில் 266 உயிர்களைக் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

பிறகு பயணிகள் திரும்பினார்கள், அறைகள் கைமாறின, பழைய சட்டம் பழையபடியே இருந்தது. தெருக் கணக்கு 2021-இல் 2,443 ஆகக் குறைந்து, 2024-இல் 4,667 ஆனது. கொரோனாவுக்கு முன்பு இருந்ததைவிட அதிகம். பணமும் இடமும் இருந்தன என்று நிரூபித்துக் காட்டிய பிறகும் கைவிட்டதை வறுமையின் கணக்கில் எழுத முடியாது.

நம் நாட்டிலும் விதி வகுத்தார்கள். நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும் என்றது மத்திய அரசுத் திட்டம். கட்டியவை அநேகமாகக் கூடங்கள்தான். உங்கள் ஊர்க் காப்பகம் எங்கே இருக்கிறது என்று வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள். அதில் கதவுள்ள அறை எத்தனை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.