வெட்டுக் கார் கடையிலிருந்து செப்பாங் வரை

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் நீங்கள் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருப்பீர்கள். மேரு பக்கமும் உங்களுக்குப் புதிதல்ல. அந்த வட்டாரத்தில் தகர வேலி அடைத்த கொட்டகைகள் சில இருக்கின்றனவே, அவற்றின் உள்ளே எட்டிப் பார்த்ததுண்டா? பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். கார்களின் முகங்களை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். விளக்கு இருக்கும், எஞ்சின் இருக்கும், முன் கண்ணாடி வரைக்கும் இருக்கும். அதற்குப் பின்னால் ஒன்றும் இராது. இறைச்சிக் கடையில் ஆட்டுத் தலைகளை வரிசையாக வைத்திருப்பார்களே, அதுதான் நினைவுக்கு வரும்.

'ஹாஃப் கட்' என்பது இவற்றின் பெயர். மலாய்க்காரர் 'கெடாய் போத்தோங்' என்கிறார்கள். நாம் வெட்டுக் கார் கடை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பாதி வண்டிகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வருகின்றன. அந்த நாட்டில் கார் வைத்திருப்பவர், புது வண்டிக்கு மூன்று ஆண்டுகள் கழித்தும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு அதிகம். வண்டிக்கு வயதாகிவிட்டால் வரியும் கூடும். ஆகவே நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடக் கழித்துவிடுகிறார்கள். முழு வண்டியாக இங்கே கொண்டுவந்தால் நம் நாட்டு வரி தலைக்கு மேல் போகும். பாதியாக வெட்டிவிட்டால் அது கார் அல்ல, உதிரிப் பொருள்! இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கடைகளோடு பழக்கம் ஏற்பட்டது என் அக்கா மகனால். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது இருபத்து நான்கு. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அத்தான் அதே தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக டிராக்டர் ஓட்டியவர். அப்பன் கைப்பழக்கம் மகனுக்கு வராமல் போகுமா? பத்து வயதிலேயே மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியவன் அவன்.

அவன் வாங்கியது ஒரு பழைய சத்ரியா ஜிடிஐ. புரோட்டோன் நிறுவனம் 1990-களின் இறுதியில் வெளியிட்ட மூன்று கதவு வண்டி. 1.8 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைச் சக்தி. 1996-இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. இந்த வண்டி வளைவுகளில் தரையைப் பிடித்துக்கொண்டு போகும்படி சீர்படுத்தியவர்கள் அந்த லோட்டஸ் எஞ்சினியர்கள். 1985-இல் முதல் சாகா வந்தபோது தோட்டத்து ஆபீசில் கிராணி வாங்கிய சாகாவைச் சுற்றி நின்று பார்த்த தலைமுறை நம்முடையது. அதே கம்பெனி இப்படியொரு முரட்டுக் குதிரையையும் செய்ததா என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

பழைய சொந்தக்காரர் அந்த வண்டியைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வண்டி தாழ்வாக நிற்க வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்கை ரம்பத்தால் அறுத்திருந்தார். அறுத்த ஸ்பிரிங் தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது. குழியில் விழுந்தால் சக்கரம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. புகைக்குழாய் பால் டின் அகலத்துக்கு இருந்தது. பளபளவென்று சாயம். வெளியே மாப்பிள்ளைக் கோலம், உள்ளே காசநோய்! பையன் முதல் சம்பளத்திலேயே அறுத்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு நல்ல ஸ்பிரிங் போட்டான். அந்த மட்டும் அவனைப் பாராட்ட வேண்டும். எஞ்சினுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை.

நான்காம் மாதம், இரவு வேலை முடிந்து திரும்புகையில், காப்பார் அருகே 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் பல் வைத்த ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. டைமிங் பெல்ட் என்பார்கள். பிஸ்டன் மேலே வரும்போது வால்வுகள் விலகி வழிவிட வேண்டும். அந்தத் தாளத்தைக் காப்பது இந்தப் பட்டைதான். குறித்த கிலோமீட்டரில் மாற்றாவிட்டால் அறுந்து போகும். அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். சில நூறு வெள்ளியில் முடிய வேண்டியது சில ஆயிரமாகிவிட்டது. (அந்தப் பட்டை நம் பால்மர ரப்பர் அல்ல, செயற்கை ரப்பர். டயரில் மட்டும் இன்னும் நம் பாலுக்கு இடம் இருக்கிறது.)

அக்காவுக்கு அந்த மாதம் கூட்டுப் பணம் விழுந்திருந்தது. இளையவள் பாலிடெக்னிக் சேர்வதற்கென்று கட்டி வந்த கூட்டு. பையன் வாய் திறந்து கேட்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். தாய் மனம் உங்களுக்குத் தெரியாததா? பாதிப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். "மிச்சக் கூட்டு முழுக்க நீதான் கட்டணும். கடைக்கு அப்பாவையும் மாமாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்" என்றாள். மகளிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்ததை நான் கண்டேன்.

இப்படித்தான் மூவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை தகர வேலிக்குள் நுழைந்தோம். மிட்சுபிஷி எஞ்சின்கள்தான் சத்ரியாவுக்குப் பொருந்தும். அவை இப்போது அரிதாகி வருகின்றன. கடையில் இரண்டு இருந்தன. ஒன்று வண்டியில் இருந்த அதே வகை. மற்றது லான்சர் ஜிஎஸ்ஆர் காரிலிருந்து வெட்டியது, அதே 1.8 லிட்டர்தான், ஆனால் டர்போ வைத்தது, ஏறக்குறைய 200 குதிரைச் சக்தி. பையனின் கண் எதில் நிலைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தான் அதுவரை ஒன்றும் பேசவில்லை. சீனத் தவுக்கேயிடம் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது ஓடும், சரி. நிற்பது எப்படி?" தவுக்கே சிரித்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். டர்போ போட்டால் பெரிய பிரேக் வேண்டும். கியர்பெட்டி தாங்க வேண்டும். பெரிய ரேடியேட்டர் வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு விலை. ஐந்து விரல் முடிவதற்குள் பையன் முதல் எஞ்சின் பக்கம் நகர்ந்துவிட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இந்த ஆசையோடு இருந்தால், அந்தத் தவுக்கே எங்களுக்குக் காட்டியதை உங்களுக்கும் சொல்கிறேன். எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பாலாடை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம், தொடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மின்கம்பிக் கட்டு அறுபடாமல் முழுசாக இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சுங்கத்துறைப் பத்திரமும் கடை ரசீதும் கேளுங்கள். பத்திரம் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்று வாரத்தில் முடியும் என்ற வேலைக்கு மூன்று மாதம் பிடித்தது. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, கம்பிகள் ஒத்துப்போகவில்லை. கம்பி சரியானதும் தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு சூடு ஏறியது. பையன் வேலை முடிந்து பட்டறைக்குப் போய், நள்ளிரவில் கறுத்த கையோடு வீடு திரும்புவான். ஒரு சனிக்கிழமை மாலை எஞ்சின் உயிர்பெற்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அத்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "நாலும் ஒண்ணா அடிக்குது" என்றார். மகனுக்கு அதைவிட வேறு பட்டம் வேண்டுமா?

ஆனாலும் வண்டி சாலைக்கு வரவில்லை. எஞ்சின் எண் மாறிவிட்டதல்லவா? சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரிவித்து, சோதனைக்கு வண்டியைக் காட்டி, 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் உரிமைப் பதிவிலும் புது எண் ஏற வேண்டும். அந்தப் பத்திரங்கள் அப்போதுதான் கைகொடுத்தன. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும்போது அவர்கள் கைவிரிக்க இடமுண்டு. பல பையன்கள் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு, சாலைத் தடுப்பில் வண்டியைப் பறிகொடுக்கிறார்கள். இவன் ஆறு வாரம் பொறுத்தான். அந்தக் கறுத்த பால் டின்னையும் கழற்றிவிட்டு அமைதியான குழாய் போட்டான்.

வேகம் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது? உலு யாம் மலைச் சாலை, நள்ளிரவு நெடுஞ்சாலை என்று போகிறார்கள். எதிரே லாரி வரும், மாடு நிற்கும், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தகப்பன் வந்துகொண்டிருப்பான். இப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் சவ ஊர்வலத்தில் நீங்களும் நடந்திருப்பீர்கள். நானும் நடந்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

ஆகவே பணம் கட்டிச் செப்பாங் ஓடுபாதைக்கே போவது என்று முடிவாயிற்று. சாதாரண வண்டிகளுக்கும் சில நாள்களில் அங்கே இடம் கொடுக்கிறார்கள். தலைக்கவசம், நீளக்கை சட்டை, மூடிய காலணி அவசியம்.

கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் போனால் ஷா ஆலாம் பள்ளிவாசலின் நீலக் கோபுரம் தெரியும். நகரம் எழுவதற்கு முன் இது சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதி. பால் வெட்டிய மண். சற்றுத் தள்ளிப் பத்து தீகா. 1968-இல் அங்கே பந்தய ஓடுபாதை அமைத்தார்கள். 1977-இல் ஒரு பந்தயக் கார் தடம் விட்டுப் பாய்ந்து பார்வையாளரில் சிறுவர் சிலர் மாண்டனர். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே நடந்தது. 2003-இல் பாதை மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் வீடுகள்.

அங்கிருந்து எலைட் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பினால் விமான நிலையம் வரை இரு பக்கமும் செம்பனை. செப்பாங் ஓடுபாதையும் அந்தச் செம்பனைக் காட்டில்தான் எழுந்தது. 1999-இல் திறப்பு விழா. நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பார்வையாளர் மேடைக்கு இரு புறமும் நேர்ப்பாதைகள். மேலே பூவிதழ் விரித்தது போலக் கூரை. 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த இடம். ஐரோப்பாவின் பெரிய பெரிய ஓட்டுநர்கள் சூட்டில் வெந்து இறங்கிய பாதையில், தோட்டத்துப் பையன் ஒருவன் தன் சத்ரியாவை விட்டான். அத்தான் மேடையில் என் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். மேகமே இல்லை, எதற்குக் குடை என்று நான் கேட்கவில்லை.

முதல் மூன்று சுற்றுகள் அழகாகப் போயின. அதிவேகக் கார்கள் அவனைத் தாண்டிப் போயின. அவன் இடம்விட்டு ஒதுங்கினான். நான்காம் சுற்றில் பின் நேர்ப்பாதையின் முடிவில், கொண்டை ஊசி போல வளைகிற 15-ஆம் வளைவுக்கு முன், வண்டி வழக்கத்தைவிட நீளமாக ஓடியது. கியரைக் குறைத்து எஞ்சினைக் கதறவிட்டு எப்படியோ திருப்பினான். அடுத்த நிமிடம் மெல்ல உள்ளே வந்துவிட்டான்.

பிரேக்கை மிதித்தால் பஞ்சு போல இறங்கிற்று. புது பிரேக் பேடு போட்டிருந்தான், எண்ணெய் பழையது. பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்தத் தரத்துக்கு உத்தரவாதம் 155 டிகிரிதான். பந்தயப் பாதையில் பிரேக் தட்டு அதைத் தாண்டிச் சுடும். எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி வெறுமையாகிவிடும். சந்தைக்குப் போகிற வண்டிக்கும் இது பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை.

மாலைச் சுற்றுக்கும் பணம் கட்டியிருந்தான். போகவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தவனிடம் அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குலை ஏத்திக்கிட்டு மேட்டுலேருந்து எறங்கும்போது நானும் கியர்லதான் புடிப்பேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது புது எண்ணெய் மாற்றியாகிவிட்டது. பின் சக்கரத்து வளைவில் துரு பிடித்திருக்கிறது. அடுத்த வேலை அதுதானாம். கூட்டு இன்னும் ஐந்து மாதம் பாக்கி, தவறாமல் கட்டி வருகிறான். இளையவள் பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டாள். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது பெட்டியோடு அவளைக் கொண்டுபோய் விடுவது அந்தச் சத்ரியாதான். பின் இருக்கையில் ஏறி இறங்குவதற்குள் இடுப்பு ஒடிகிறது என்று அக்கா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே போய் வருகிறாள்.