சம்மனசுகளின் பங்கு

மாசிப் பௌர்ணமி இரவு. மலைசுற்றச் செல்லும் கூட்டம் எங்கள் தெரு முனையைக் கடந்துகொண்டிருந்தது. வெறுங்கால்களின் ஓசைக்குத் தனியொரு மென்மை உண்டு. திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு அது மழை ஓசையைப்போல் பழகிப்போனது. அவ்வேளையில்தான் என் அக்காள் மகன் உருண்டையான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பணிபுரிகிறவன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஊர் வந்திருந்தான்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க. இது குடிக்கிறதுக்கு இல்ல, ருசி பாக்கறதுக்கு.”

என் தம்பி மறைந்த 2011ஆம் ஆண்டுக்குப் பின் எங்கள் வீட்டிற்குள் மதுப்புட்டி எதுவும் நுழைந்ததில்லை. அவன் எதனால் மறைந்தான் என்பது பங்கு மக்கள் அனைவருக்கும் தெரியும். அவனுடைய மனைவி அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவுப்பக்கம் பார்த்ததை மருமகன் கவனித்தான். “வேண்டாம்னா எடுத்து வச்சிடறேன்” என்றான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவனின் ஆவல் என்னைத் தடுத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

புட்டியின்மேல் கிளென்ஃபார்க்ளாஸ் என்றும் 25 ஆண்டுகள் என்றும் எழுதியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் உள்ள வடிசாலை அது. 1865 முதல் கிராண்ட் என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. முளைகட்டிய வாற்கோதுமையைத் தவிர வேறு தானியம் சேர்ப்பதில்லை. அதை ஊறவைத்து, நொதிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் இருமுறை வடிக்கிறார்கள். வடித்தவுடன் அது தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். நிறமும் மணமும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருபவை. அதிலும் இவர்கள் தேடிப் பெறுவது, ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் நகரத்துத் திராட்சை மதுவாகிய ஷெர்ரி ஊறியிருந்த பீப்பாய்களை. திராட்சை தன் வாசத்தை மரத்திடம் விட்டுச்செல்ல, மரம் அதை வாற்கோதுமைக்குக் கொடுக்கிறது.

இதன் பூர்வீகத்தில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு என்பதை மருமகன் சிறிது குறும்போடு எடுத்துச் சொன்னான். ஸ்காட்லாந்து அரசின் 1494ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், ஜான் கோர் என்ற துறவிக்கு ‘உயிர்நீர்’ வடிப்பதற்காக மால்ட் வழங்கப்பட்ட செய்தி பதிவாகியுள்ளது. இலத்தீனில் ‘அக்வா வீத்தே’. அதையே அந்நாட்டுக் கேலிக் மொழியில் சொன்ன சொல்தான் தேய்ந்து விஸ்கி ஆயிற்றாம். உயிர்நீர்! தம்பியை மருத்துவமனைக்கும் கல்லறைக்கும் தூக்கிச் சென்ற எனக்கு அந்தப் பெயர் நெஞ்சில் தைத்தது.

ஆனால் என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு செய்தி. மரம் மூச்சுவிடும், ஆகவே பீப்பாய்க்குள் இருப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வானதூதர்களின் பங்கு’. என் பாட்டி இருந்திருந்தால் ‘சம்மனசுகளின் பங்கு’ என்றிருப்பாள். தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூறு லிட்டர் வைத்தால் இருபத்தைந்தாம் ஆண்டு முடிவில் அறுபது லிட்டர்தான் மிஞ்சும். நம் நாட்டிலோ சம்மனசுகளுக்குத் தாகம் மிகுதி. 2004ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தன் ஒற்றை மால்ட்டை அறிமுகம் செய்த பெங்களூரு அம்ருத் நிறுவனத்தின் பீப்பாய்களில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேலேயே போய்விடுகிறதாம். அந்த வேகத்தில் இருபத்தைந்து ஆண்டு வைத்தால் பீப்பாயின் அடியில் ஈரந்தான் இருக்கும். நம் வெயிலில் எதுவும் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது; சீக்கிரம் தீர்ந்தும்விடுகிறது.

அவன் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி அளவே ஊற்றினான். பழைய தேனின் நிறம். உடனே வாயில் வைக்கக்கூடாது, முதலில் முகர வேண்டும் என்றான். முகர்ந்தேன்.

உலர்ந்த திராட்சை; பேரீச்சை; கருப்பட்டிப் பாகு; கிராம்பு; கிறிஸ்துமஸ் கேக்கிற்காக ஊறவைத்த பழங்களின் பாத்திரத்தைத் திறந்தால் எழுமே, அந்த வாசம். அதன் அடியில் இன்னொன்று இருந்தது. எனக்கு அது பிடிபடச் சற்று நேரமாயிற்று. எங்கள் பழைய சிற்றாலயத்தின் பீடத்திற்குப் பின்னால், பூசை உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் மர அலமாரியின் வாசம் அது. மெழுகு, சாம்பிராணி, மரம், மூடியிருந்த திராட்சை இரசம். நானும் தம்பியும் பூசை உதவிக்காரச் சிறுவர்களாக அந்த அலமாரியின் முன் நின்றிருக்கிறோம். ஒரு நாள் சிறு குப்பியில் மிஞ்சியிருந்த இரசத்தை அவன் மடக்கென்று குடித்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அப்போது வயது ஒன்பது. சாமியாரிடம் போய்ச் சொன்னவன் நான்.

பிறகு ஒரு துளி நாவில் வைத்தேன். காரம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது சுடவில்லை. இனிப்பாகத் தொடங்கி, அக்ரூட் பருப்பின் துவர்ப்பாக மாறி, விழுங்கிய பின்னும் நெடுநேரம் தொண்டையில் வெதுவெதுப்பாய் நின்றது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் ஆரஞ்சுத் தோலின் மணம் புதிதாய்க் கிளம்பியது. நன்றாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் மிக நன்றாக இருந்தது.

மீதிப் பாதி உண்மை இதுதான். தம்பி உயிரோடிருந்தவரை அவன் குடித்ததைச் சாக்கடை என்றும் நஞ்சு என்றும் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அதில் அவன் எதைக் கண்டான் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. இப்போதாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை. அவன் குடித்தது இதுவன்று. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவியில் நிறமும் மணமும் கூட்டி விஸ்கி, பிராந்தி எனப் பெயரிட்டு விற்கும் சரக்கு அது. 2003 முதல் அரசே கடை விரித்து விற்கிறது. கால் புட்டியை நின்றபடியே வாயில் கவிழ்த்துக்கொள்பவனுக்கு முகர்வதற்கு ஏது நேரம்?

நம் மறை மதுவை வெறுப்பதில்லை. அளவோடு அருந்தினால் அது மனிதருக்கு வாழ்வு என்று சீராக்கின் ஞானம் சொல்கிறது; அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே சொல்கிறது. ஆனால் அன்றிரவு எனக்கு நினைவு வந்தது கானாவூர். நற்செய்தியில் சுவை பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஒரே நிபுணர் அந்தப் பந்தி மேற்பார்வையாளர். இரசம் உயர்ந்தது என்று சரியாகவே சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது.

கிண்ணத்தை நான் கீழே வைத்தபோது தம்பியின் மனைவி தோசைத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். வாசம் அடுக்களைவரை போயிருக்க வேண்டும். மருமகன் எழுந்து நின்றுவிட்டான். அவள் தட்டை வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள்.

“காய்ஞ்ச மகிழம்பூ மாதிரி இருக்குது” என்றாள். அண்ணாமலையார் கோவிலின் தலமரம் மகிழம். பக்கத்து வீட்டு அம்மாள் அங்கே உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிவந்து இவளுக்கும் கொடுப்பதுண்டு. பிறகு என்னைப் பார்த்தாள். “அவரு மேல ஒரு நாளும் இப்படி வாசம் வந்ததில்ல அத்தான்.”

நான் பேசவில்லை. “எத்தனை வருசத்தது?” என்று மருமகனைக் கேட்டாள். சொன்னான். அவள் விரல்விட்டு எண்ணவில்லை, நான் எண்ணினேன். இந்த வடிநீர் பீப்பாய்க்குள் போன காலத்தை ஒட்டித்தான் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவிலில் இவர்களுக்குத் திருமணம் நடந்தது. அது அங்கே குளிர்ந்த இருட்டில் அசையாமல் கிடந்த ஆண்டுகளில், இங்கே ஒரு தாலி அடகுக்குப் போய் வந்தது. பிறகு போனது வரவில்லை.

“சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாள்.

புட்டியை மருமகன் மறுநாள் தன்னோடு எடுத்துச் சென்றான். கழுவாமல் விட்ட கிண்ணத்தில் காலையிலும் அந்த மணம் இருந்தது. உலர்ந்துபோன பிறகு முன்னிலும் இனிமையாக இருந்ததென்றே சொல்வேன். நான் அதை இரண்டாம் முறை முகர்வதைப் பார்த்துக்கொண்டே வந்தவள், கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்து, மற்ற கிண்ணங்களோடு கவிழ்த்து வைத்தாள்.