ஏறுவதற்கு ஒரு படி

குதிரைச் சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தைத் தமிழில் அங்கவடி என்பர். அரபு மொழியில் அதற்கு ‘ரிகாப்’ என்று பெயர். ஏறிச் செல்லுதல் என்னும் பொருள் கொண்ட வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. இச்சொல்லை மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். ஏற உதவும் ஒரு சிறு படிக்கும் மனிதரின் மானத்திற்கும் உள்ள தொடர்பை நான் கண்கூடாகக் கண்டது, அமெரிக்க நாட்டில் என் மகளார் இல்லத்தில்தான்.

மகளும் மருமகனும் வாழ்வது மிஷிகன் மாகாணத்து டியர்பார்ன் நகரில். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்த ஊர் அது. மருமகன் வைத்திருப்பதும் அந்நிறுவனத்தின் எஃப்-150 பிக்கப் வண்டியே. முன்புறம் இரு வரிசை இருக்கைகள். பின்புறம் சுமை ஏற்றும் திறந்த தொட்டி. வண்டியின் உள்தளம் என் முழங்காலுக்கும் மேலே நிற்கும். இளைஞர் ஒரே எட்டில் ஏறிவிடுவர். மூட்டுவலியால் துன்புறும் என் இல்லத்தாருக்கோ அது ஒரு மதில்.

முதல் வாரம் மகள் முன்னின்று கையைப் பற்றி இழுக்க, மருமகன் முழங்கையைத் தாங்க, எப்படியோ ஏறினார். அடுத்த வாரம் முக்காலி ஒன்று வந்தது. அது பனியில் வழுக்கிற்று. அதன்பின், “நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்” என்பதே அவருடைய வாடிக்கையாயிற்று. விருந்துகளுக்குச் செல்வது நின்றது. மருத்துவரைக் காணும் நாள்கூடத் தள்ளிப் போயிற்று. தனிமையில் கேட்டேன். “மாப்பிள்ளை என்னெ மூட்டை மாதிரி தூக்கி ஏத்தணுமா? நாலு பேரு பாக்க எனக்கு வெக்கமா இருக்கு” என்றார். வலி முழங்காலில் மட்டும் இல்லை என்பது விளங்கிற்று.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. சில நாட்களில் இரண்டு நீண்ட பெட்டிகள் வந்து இறங்கின. கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இரு பக்கமும் நீளவாட்டில் பொருத்தும் மிதிபலகைகள் அவை. “பிள்ளைங்க ஏறி இறங்கக் கஷ்டப்படுறாங்க மாமி, அதான்” என்று என் இல்லத்தாரிடம் சொன்னார்.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர், “நாலு போல்ட் முடுக்கினால் ஒரு மணி நேர வேலை” என்றார். மருமகன் இணங்கவில்லை. அவர் தந்த விளக்கத்தை நேயர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

2015ஆம் ஆண்டு மாடல் முதல் எஃப்-150 வண்டியின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அடிச்சட்டம் மட்டும் எஃகாகவே நீடிக்கிறது. இம்மாற்றத்தால் எடை 700 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 300 கிலோ, குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. மருமகன் வாங்கிய மிதிபலகையின் தாங்கிகளோ எஃகு. வேறுபட்ட இரு உலோகங்கள் நேரே தொட்டுக்கொண்டிருக்க, அவற்றின்மீது உப்புநீரும் படிந்தால், அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும். பழைய டார்ச் விளக்குக் கட்டையில் துத்தநாகக் கூடு கரைந்து போகுமே, அதைப் போல இங்கே எஃகு பிழைக்கும், அலுமினியம் அரிபடும். இரும்பின் துரு செந்நிறத்தில் கண்ணுக்குத் தெரியும். அலுமினியத்தின் அரிப்போ வண்ணப்பூச்சின் அடியில் கொப்புளமாய், வெண்பொடியாய் மறைந்திருந்து வளரும். அங்கே உப்புக்கும் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெங்கும் உப்பைத் தூவுவர். டெட்ராய்ட் நகரின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இயங்குகின்றது.

இது பெரிய கட்டுமானங்களையும் விட்டு வைக்காத நோய். நியூயார்க் துறைமுகத்தில் 1886இல் திறக்கப்பட்ட சுதந்திரதேவி சிலையின் மேற்போர்வை செம்பு, உட்சட்டம் இரும்பு. இரண்டும் தொடாதிருக்க, அரக்குப் பசையில் தோய்த்த கல்நாரை இடையில் வைத்தனர். காலப்போக்கில் அது சிதைந்தது. அங்கே அரிபட்டது இரும்பு. 1986இல் முடிவுற்ற செப்பனிடும் பணியில் துருப்பிடிக்காத எஃகுச் சட்டங்களை அமைத்து, இடையில் டெஃப்லான் படலம் இட்டனர்.

கேட்டுக்கொண்டிருந்த என் இல்லத்தார், “நம்மூருல செம்புத் தேக்சாவுக்கு ஈயம் பூசுவோமே, அந்த மாதிரியா தம்பி?” என்றார். “அதே தான் மாமி” என்றார் மருமகன். புளிப்பும் செம்பும் கலவாமல் காப்பது அந்த மெல்லிய பூச்சுதானே!

வேலைக்கு ஒரு மணி நேரம் போதவில்லை. இரண்டு மாலைகள் ஆயின. புதிதாக எங்கும் துளையிடவில்லை. உடலின் அடிவிளிம்பில் தொழிற்சாலையிலேயே விடப்பட்ட துளைகளைத் தேடிப் பயன்படுத்தினார். பூச்சுள்ள தாங்கிகளையே தேர்ந்திருந்தார். தாங்கி படியும் இடங்களை அழுக்கின்றித் துடைத்து, தாங்கிக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர்த் தகடும், போல்டுகளுக்கு நைலான் வாஷரும், மரைகளுக்கு அரிப்புத் தடுப்புப் பசையும் இட்டார். அலுமினியம் மென்மையானது, மிகையாக முடுக்கினால் மரை உரிந்துவிடும். ஆதலின், முறுக்கத்தை அளந்து காட்டும் திருகியால் குறித்த அளவுக்கே முடுக்கினார். ஓட்டிப் பார்த்த பின் மறுமுறையும் சரிபார்த்தார்.

மறுநாள் என் இல்லத்தார் வலக்காலைப் பலகையில் ஊன்றி, கதவோரக் கைப்பிடியைப் பற்றி, தாமே ஏறி அமர்ந்தார். தள்ளிப்போன மருத்துவரைக் கண்டு வந்தோம்.

உதவி செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலும் மெல்லிய ஓர் உறை வேண்டும். அதற்கு இங்கிதம் என்று பெயர். அது இன்றி நேரே உரசும் உதவி, பெறுபவரின் மனத்தை வெளியே தெரியாமல் அரித்துவிடும். “பிள்ளைகளுக்காக” என்று மருமகன் சொன்ன ஒரு சொல், அவர் இட்ட ரப்பர்த் தகட்டினும் உறுதியானது. முதியோரைத் தூக்கிவிடும் கைகள் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்கள் தாமே ஏறுவதற்கு ஒரு படி அமைத்துக் கொடுப்போமாக. அமைத்தபின், ஆண்டுக்கொரு முறை குனிந்து அதன் அடியையும் பார்ப்போமாக. குளிர்காலம் முடிந்ததும் உப்பைக் கழுவிவிட்டு மருமகன் பார்ப்பதைப் போல.