அம்மா கொஞ்சம் வெளியே இருக்கட்டும்

தில்லை நகரில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அம்மா என்னை முதன்முதலாகக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாதவிடாய் வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாத வலி. மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "கடைசியா எப்பம்மா வந்துச்சு?" என்றார். அம்மா தேதியைச் சொன்னாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே என் கணக்கும் பென்சிலில் இருக்கும். அடுத்த கேள்வி, "கல்யாணம் ஆகலைல்ல?" அதற்கும் அம்மாதான், "இல்லைங்க டாக்டர்" என்றாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வயிற்றுக்கு மேலே ஸ்கேன் எடுத்தார்கள். கல்யாணமானவர்களுக்குத்தான் உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேன்.

உடலுறவு உண்டா என்று கேட்க வேண்டிய இடத்தில் நம் ஊரில் கல்யாணத்தைத்தான் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இல்லாத பெண்ணுக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை.

2022 செப்டம்பரில் முதுகலை படிக்க இங்கிலாந்து போனேன். விசாவோடு சேர்த்து மருத்துவத்துக்கென்று 705 பவுண்ட் கட்டணம். அப்போது கிட்டத்தட்ட 67,000 ரூபாய். ஆண்டுக்கு 470 பவுண்ட் என்று கணக்கு. (2024 பிப்ரவரியில் மாணவர்களுக்கு அதையே 776 ஆக்கிவிட்டார்கள்.) இவ்வளவு கட்டியிருக்கிறோமே, உடம்புக்கு வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தில்லை நகரில் டோக்கன் வாங்கினால் அன்றே சிறப்பு மருத்துவர் முன்னால் உட்கார்ந்துவிடலாம். அங்கே முதலில் குடியிருக்கும் பகுதியின் ஜிபி என்கிற பொது மருத்துவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பெரிய மருத்துவரிடம் அவர்தான் அனுப்புவார். பதிவுக்குக் காசு கிடையாது, முகவரிச் சான்றுகூடக் கட்டாயமில்லை. நான் பதியவில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரைப் பெட்டி இருந்ததே!

நவம்பரில் ஒரு ராத்திரி அடிவயிற்றின் வலப்பக்கம் சுருட்டிப் பிடித்தது. இரண்டு முறை வாந்தி. அறைத்தோழி 111-க்குப் போன் போட்டாள். எதிர்முனையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னபிறகு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஐந்து மணி நேரக் காத்திருப்பு. ஸ்ரீரங்கத்தில் விடிந்ததும் அம்மா வாட்ஸ்அப்பில் வந்தாள், வைக்கவே இல்லை. மருத்துவர் வந்தபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டி, "இதை அணைத்துவிடலாமா? சில கேள்விகளை உங்களிடம் மட்டும் கேட்க வேண்டும்" என்றார்.

"அப்புறம் பேசறேம்மா" என்று வைத்தேன். பிறகு அவர் கேட்டார்: உடலுறவு உண்டா? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா? "உண்டு" என்றேன். அந்தச் சொல்லை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். கர்ப்பம் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. உள்ளே விட்டு ஸ்கேன் எடுக்கலாமா, துணைக்கு இன்னொரு பெண் ஊழியர் இருக்கட்டுமா என்று என்னிடமே கேட்டார்கள். வலது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் நீர்க்கட்டி.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்கேனுக்குப் பல வாரம் காத்திருந்தேன். டிசம்பரில் செவிலியர்களே சம்பள உயர்வு கேட்டு 15, 20 தேதிகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.35 பவுண்ட். ஜிபி எழுதித்தந்த கருத்தடை மாத்திரைக்கு மட்டும் காசில்லை. வலிக்காகத்தான் தந்தார். அதை வீட்டில் எப்படிச் சொல்வது?

நான் விமானம் ஏறிய அதே செப்டம்பரில், 29ஆம் தேதி, கருக்கலைப்பு உரிமையில் மணமானவள், மணமாகாதவள் என்று பிரிக்கக்கூடாது என நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 சட்டத் திருத்தத்திலேயே 'கணவர்' என்ற சொல் போய் 'இணையர்' என்று வந்துவிட்டது. தில்லை நகரின் குறுக்குத் தெருக்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

படிப்பு முடிந்து 2023 கடைசியில் திரும்பினேன். கட்டி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி தந்த கடிதத்தை ஃபைலில் வைத்திருந்தேன். அம்மா பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள், எதையும் கடைசி வரி வரை படிப்பாள். முதல் பக்கத்திலேயே இருந்தது அந்த வரி. படித்துவிட்டு ஃபைலை மூடினாள். இரண்டு நாள் சாப்பாடு போட்டதைத் தவிர என்னிடம் பேச்சில்லை.

மூன்றாம் நாள் அதே தில்லை நகர், அதே மருத்துவர். கடிதத்தைப் புரட்டிக்கொண்டே அம்மாவிடம், "பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல?" என்றார்.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவகிட்டயே கேளுங்க டாக்டர். நான் வெளிய இருக்கேன்."

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காவிரிப் பாலம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அம்மா மண்டபம் நிறுத்தம் நெருங்கும்போது என் மடியிலிருந்த ஃபைலைத் தொட்டு, "இத அப்பா கண்ணுல படற மாதிரி வெக்காத" என்றாள்.